பனிக்கட்டித் தொட்டியில் வளர்த்த மஞ்சள் ஓடைப்பூ

அனுப்புநர்
வெ. நஞ்சப்பன், சாயப்பட்டறை மாஸ்டர்,
3/41, கோயில் தோட்டம்,
நொச்சிக்காட்டுப்புதூர், திருப்பூர் மாவட்டம்.

பெறுநர்
செயல் அலுவலர் அவர்கள்,
பேரூராட்சி அலுவலகம், நொச்சிக்காட்டுப்புதூர்.

பொருள்: கொசு ஒழிப்புப் பணியில் எடுத்துச் செல்லப்பட்ட பூச்செடி – நிவாரணம் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. குழந்தைகள் பனியனுக்குத் துணி சாயமிடும் சிறு பட்டறை எங்களுடையது. எங்கள் துணியை வாங்கும் வெளிநாட்டுப் பையர் ஒருவர் ஊட்டிக்குப் போனபோது, ஈரப் புல்வெளியில் ஒரு மஞ்சள் பூவைப் பார்த்துவிட்டு, அதே மஞ்சளில் பனியன் கேட்கிறார். போட்டோவைப் பார்த்து மூன்று முறை சாயத்தில் முக்கினேன். முதலாவது எலுமிச்சையாம், இரண்டாவது மாம்பழமாம், மூன்றாவது மஞ்சள் காமாலையாம். முப்பது வருட மாஸ்டருக்கு இது தேவையா?

2. பறித்த பூ மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள் வாடிவிடுகிறது. எனவே கோத்தகிரியில் இருக்கும் என் மைத்துனர் வெள்ளியங்கிரி, தன் தேயிலைத் தோட்டத்து ஓடைக்கரையிலிருந்து செடியையே வேரோடு கொண்டுவந்தார். ஒரே வேர் வருடாவருடம் துளிர்த்துப் பூக்குமாம். பெயர் அவருக்கும் தெரியாது; ஓடைப்பூ என்கிறோம். வேர் எந்நேரமும் குளிர்ந்த தண்ணீரில் நிற்க வேண்டும். இந்தச் சித்திரை வெயிலில் அதற்குச் செய்த பணிவிடையை என் மாமனாருக்குக்கூட நான் செய்ததில்லை. மூன்று வேளையும் தொட்டியில் ஐஸ் போட்டேன். ஒரு மொட்டும் வந்தது.

3. கடந்த திங்களன்று கொசு ஒழிப்புப் பணியாளர் திருமதி சாரதாமணி, "ஏனுங்க, படிச்சவங்களே ஊட்டுல இப்படித் தண்ணி தேக்கலாமுங்களா?" என்று வெகு மரியாதையாகக் கேட்டபடியே தொட்டியைக் கவிழ்த்து, செடியைத் தொட்டியோடு சாட்சிப் பொருளாக எடுத்துச் சென்றார். ஐஸ் மிதக்கும் தண்ணீரில் முட்டையிடும் கொசு இருந்தால், அதற்கு ஸ்வெட்டர் பின்னித்தர நான் தயார்.

4. செடியைத் திருப்பிக் கேட்கவே இம்மனுவை எழுதத் தொடங்கினேன். ஆனால் அது தங்கள் மேசைமேல், ஏ.சி. காற்றில், இன்று காலை பூத்துவிட்டதாகத் தங்கள் அலுவலக உதவியாளர் சொன்னார். இங்கே கொண்டுவந்தால் மதியத்துக்குள் செத்துவிடும். அங்கேயே இருக்கட்டும் ஐயா. விசாரணை முடியும்வரை என்னைப் பார்க்க விடமாட்டார்களாம். வெள்ளிக்கிழமைக்குள் நிறம் ஒத்துவராவிட்டால் ஆர்டர் வேறு பட்டறைக்குப் போய்விடும். எங்களிடம் உள்ள பதினெட்டுப் பேருக்கும் வேலை இருக்காது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பயமாக இருக்கிறது.

5. ஆகவே, ஏழு வித மஞ்சளில் முக்கி இணைத்துள்ள ஏழு துணித் துண்டுகளையும் காலை பத்து மணி வெளிச்சத்தில், ஜன்னலோரம், பூவின் அருகே வைத்துத் தாங்களே பார்க்க வேண்டுகிறேன். டியூப்லைட்டில் வேண்டாம், அதில் எல்லா மஞ்சளும் பொய் சொல்லும். ஒத்துப்போகும் துண்டின் பின்புறம் கையொப்பமும் முத்திரையும் இட்டுத் தரவும். எதுவும் ஒத்துப்போகாவிட்டால் தயங்காமல் எழுதவும். மறுபடியும் முக்குகிறேன்.

இடம்: நொச்சிக்காட்டுப்புதூர்
நாள்: 23.04.2025

தங்கள் கண்ணை நம்பியிருக்கும்,
வெ. நஞ்சப்பன்

இணைப்பு:
மஞ்சள் துணித் துண்டுகள் – 7
ஐஸ் – 1 பாக்கெட். கரண்ட் போனால் உடனே தொட்டியில் போடவும்.