செருப்பைத் திருப்பி வைத்தவனுக்கு

காரிமங்கலத்தில் இன்று ஒரு கல்யாணம். சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தால் மண்டப வாசலில் செருப்புக் குவியல். என் செருப்பில் ஒன்று படியோரம், இன்னொன்று யாரோ ஒருவரின் ஷூவுக்கு அடியில். குனிவதற்கு வயிறு இடம் கொடுக்கவில்லை. ஒற்றைக் காலில் ஆடிக்கொண்டு நின்றபோது உன் ஞாபகம் வந்தது. நீ கண்ணை மூடி ஒரு வருஷமாகிறது, மாப்ள.

கெய்ரோவுக்கு சூஃபி ஞானம் படிக்க நம் மாவட்டத்திலிருந்து போனது நாம் இரண்டே பேர். நான் முஸ்லிம் வீட்டுப் பிள்ளை. ஞானமெல்லாம் ரத்தத்திலேயே ஓடுகிறது என்ற திமிர். நீ பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்துக் கத்தோலிக்க விவசாயி மகன். அந்தப் பழைய அரபி நூல்களில் மெய்யெழுத்து மட்டும்தான், உயிரொலிக்குக் குறி இருக்காது; பொருள் புரிந்தால்தான் வாய்விட்டு வாசிக்க முடியும். நான் மனப்பாடம் செய்து ஒப்பேற்றுவேன். நீ ஒரு வரியோடு அரைமணி நேரம் மல்லுக்கட்டுவாய்.

வகுப்பு பேராசிரியரின் வீட்டுக் கூடத்தில் நடக்கும். செருப்பைக் கழற்றிவிட்டுக் கம்பளத்தில் உட்காருவோம். ‘சேவை’ பற்றிய அத்தியாயத்தைப் படித்த மறுநாளிலிருந்து நீ தினமும் பத்து நிமிஷம் தாமதம். தாமதம் சேர்ந்தால் உதவித்தொகையை நிறுத்தி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். எனக்கு வாய் சும்மா இருக்குமா? பையன் மூலைப் புத்தகக்கடைப் பெண்ணிடம் மயங்கிக் கிடக்கிறான் என்று விடுதியில் அவிழ்த்துவிட்டேன். அது கண்ணும் மூக்கும் வைத்துக்கொண்டு கல்லூரி அலுவலகம்வரை போய்விட்டது.

நான் கட்டிய கதையை நானே நம்பி, உன்னைக் கையும் களவுமாகப் பிடிக்க ஒருநாள் வகுப்பு தொடங்கியதும் நைசாக வெளியே வந்தேன். வாசலில் நீ மண்டியிட்டிருந்தாய். எல்லோருடைய செருப்பையும் தூசி தட்டி, ஜோடி சேர்த்து, திரும்பிப் போகும்போது கால் நேராக நுழையும்படி வெளிப்பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாய். அப்போது உன் கையில் இருந்தது என்னுடையது.

“என்னடா பண்ற?”

“போன மாசம் படிச்சமில்ல? மார்க்குக்கு மட்டுமா படிச்சம்?”

“இத ஆபீஸ்ல சொல்லித் தொலைடா. இல்லாட்டி வூட்டுக்கு அனுப்பிருவாங்க.”

“சொன்னா செஞ்சதே போயிரும். நீயும் நான் உசுரோட இருக்கற வரைக்கும் வாயத் தொறக்காத.”

சேவை செய்பவன் மறைந்திருக்க வேண்டும் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவன் நான். அந்த வாசலில்தான் அது புரிந்தது.

மறுநாள் அலுவலகம் போய், “பெண் கதை நான் கட்டியது” என்றேன்.

“அப்படியானால் தினமும் எங்கே போகிறான்?”

பதில் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் நீ தங்குவாய். நீ செய்தது தங்காது. “தெரியாது” என்றேன். நான் பிழையில்லாமல் சொன்ன ஒரே அரபி வாக்கியம், அதுவும் பொய்.

கதையைத் தள்ளிவிட்டார்கள், தாமதத்தைத் தள்ளவில்லை. அந்த அரையாண்டோடு உன்னை அனுப்பிவிட்டார்கள். விமான நிலையத்தில் நான் அழ, நீ சிரித்தாய். “பொண்ணு கதய இன்னுங் கொஞ்சம் விசாரிச்சிக் கட்டிருக்கலாம்டா. அந்தக் கடையில இருக்கறது தாடிக்காரக் கெழவன்.”

நீ ஊரில் மஞ்சள் போட்டாய். நான் பட்டத்தைச் சட்டம் போட்டு மாட்டினேன். யார் வீட்டு ரகசியமும் என்னிடம் ஒரு வாரம் தாங்காது, காரிமங்கலமே சாட்சி. உன்னுடையதை மட்டும் உன்னைக் கல்லறைத் தோட்டத்தில் இறக்கும்வரை என் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. அந்தப் படிப்பில் நான் நிஜமாகவே தேறியது அது ஒன்றில்தான்.