செம்பு விலையும் பௌர்ணமி இட்லியும்

ஆவணி 10, திங்கள்

விடியும்போதே புழுக்கம். மாவு பொங்கி வழிந்து மேடையெல்லாம் கழுவ வேண்டியதாயிற்று.

இவர் எழுந்ததும் முதல் வேலை போனில் செம்பு விலை பார்ப்பது. ஜாம்பியாவில் செம்புச் சுரங்கத்தில் டம்பர் லாரி ஓட்டுகிறவர், லீவில் வந்திருக்கிறார். ஊரில் மற்றவர்கள் ராசிபலன் பார்க்கிற நேரம் அது.

"ஏறிக்கினே போவுது வசந்தி. வரியா இல்லியானு அடுத்த திங்கக்கெழம ஏஜென்ட் கேப்பாரு."

அந்த நாட்டுக்கு எல்லாமே செம்புதானாம். விலை ஏறினால் புது ரோடு, புதுக் கடை. இறங்கினால் அவர்கள் பணத்துக்கு மதிப்பே போய், சோள மாவுகூட எட்டாத விலை. போன தடவை இறங்கியபோது இவரையும் மாசக்கணக்கில் சும்மா உட்கார வைத்தார்கள். இவர் அதை மறந்துவிட்டார். நான் மறக்கவில்லை.

இங்கேயே இருக்கட்டும் இந்த மனுஷன். இருப்பார். போகாதீங்கன்னு கெஞ்ச மட்டும் மாட்டேன், அவர் வாயால் வரணும்.

வண்டி எடுக்கும்போது ரெண்டு ஹாரன் அடிக்கிறார். சுரங்கத்தில் அதுதான் சட்டமாம். ஸ்கூட்டிக்கு என்ன சட்டம்? தெருவே சிரிக்கிறது.

வாங்க: உளுந்து, மந்தார இலை, போளூர் கல்யாணத்துக்கு மொய்க் கவர்.

ஆவணி 12, புதன்

நல்ல வெயில். சாயங்காலம் மேகம்.

நேற்று போளூர் கிளம்பும்போது தெளிவாகத்தான் சொன்னேன், பௌர்ணமிக்கு மாவு அரைச்சு வெச்சிடுங்கன்னு. "டம்பர் ஓட்டறவனுக்கு கிரைண்டர் பெருசா?" என்று பதில்.

கல்யாணம் முடிந்து திரும்பினால் பஸ் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. அத்தனை கூட்டம். மத்தியானமே திதி பிறந்தாயிற்று. திதி பிறந்தால் ஜனம் மலையைச் சுற்றக் கிளம்பிவிடும், அடி அண்ணாமலையில் கைக்குழந்தைக்கும் இது தெரியும். ஓடி வந்தால் கிரிவலப் பாதையில் நம் இட்லிக் கடையில் அடுப்பு அணைந்து கிடக்கிறது. இவர் அண்டா அண்டாவாக அரிசி ஊறப்போட்டுக்கொண்டு.

"பௌர்ணமி நாளைக்குத்தானே? காலண்டர்ல வட்டம் நாளைக்குத்தான் போட்டுகீது."

"எதிர்ல போற ஜனம் கண்ணுக்குத் தெரியலியா?"

"முகூர்த்த நாள் கூட்டம்னு நெனச்சேன்."

பக்கத்துப் பொரிகடை கோவிந்தம்மா விடுவாளா. "இன்னாண்ணே, செம்பு விலைய பாத்த, திதிய பாக்கலியா?"

அழுகையும் ஆத்திரமும். பட்டுப்புடவையோடு நின்று டீ மட்டும் போட்டேன். ஊறின அரிசியைக் கொட்டவா முடியும்? அரைத்தோம்.

ஆவணி 13, வியாழன்

தூறல். மாவு ஜோராகப் புளித்திருக்கிறது. தின்னத்தான் ஆளில்லை. பாதையில் குப்பை கூட்டுகிறவர்கள், ரெண்டு நாய்.

இவர் அண்டாவைத் தட்டு போட்டு மூடினார். பிறகு, "அங்கயும் இப்டித்தான். வெல எறங்கனா மலையாட்டம் செம்பு மண்ணு கெடக்கும், வாங்க ஆள் வராது."

"மத்த நாள்ல ஜனத்துக்குப் பசிக்காதா? வண்டிய எடுங்க," என்றேன்.

இட்லி அவித்து ஹாட் பாக்ஸில் அடைத்து வேங்கிக்கால் போனோம். கலெக்டர் ஆபீஸ் வெளியே மனு கொடுக்க விடியலிலேயே பஸ் ஏறி வந்தவர்கள், வெறும் வயிறு. கார சட்னிதான் முதலில் தீர்ந்தது. ஆபீஸ் அம்மா ஒருத்தர் ரெண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுக் கேட்டார்.

"நாளைக்கும் வருவீங்களா? எங்க செக்‌ஷனுக்கு மத்தியானச் சாப்பாடு கெடைக்குமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார். "வருவோங்க."

வருவோங்களாம்! வரும் வழியெல்லாம் உள்ளுக்குள் சிரிப்பு. முகத்தில் காட்டவில்லை.

ஆவணி 14, வெள்ளி

சாம்பார் சாதம், உருளை வறுவல். ஆபீஸில் காரம் கம்மி பண்ணச் சொன்னார்களாம். இன்னொரு ஆபீஸிலும் கேட்கிறார்கள் என்று வந்து சொல்கிறார், ஏதோ தானே வலை போட்டுப் பிடித்த மாதிரி. சொல்லிக்கட்டும்.

காலையில் செம்பு விலை பார்த்தாரா? பார்த்தார். சும்மாதான் பார்த்தேன் என்றார்.

ஆவணி 17, திங்கள்

வெயில். புளி சாதம், பீன்ஸ் பொரியல், அப்பளம்.

செம்பு இன்னும் ஏறியிருக்கிறது, நானே பார்த்தேன். போனை கிரைண்டர் மேல் மறந்து வைத்துவிட்டு வாசலில் சாப்பாட்டுக் கூடையைக் கட்டிக்கொண்டிருந்தார். அது அடித்தது. ஏஜென்ட். எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"ஏஜென்ட்டுதாங்க. பேசுங்க."

கயிறை இழுத்து முடிச்சுப் போட்டார். நிமிரவே இல்லை.

"நீயே சொல்லிடு. வேலைக்கு லேட்டாவுதுன்னு."

ரெண்டு ஹாரன்.