அசையாத தரையில் அப்பா

சிவமயம்

லிங்கநகர்,
திருகோணமலை.
12.02.1980

என் அன்பு மகன் சேகரத்துக்கு,

அம்மா எழுதுகிறேன். கோணேசர் புண்ணியத்தில் இங்கே நானும் அப்பாவும் நல்ல சுகம், நீயும் அந்தத் தூர தேசத்தில் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும் என்று காளி கோயிலுக்குப் போகிற ஒவ்வொரு வெள்ளியும் உன் பெயருக்கு ஒரு விளக்கு வைத்துவிட்டுத்தான் வருகிறேன். உன் கடிதம் தைப்பொங்கலுக்கு முதல் நாள் கிடைத்தது. சாம்பியாவில் மழை என்றும் பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்புக்கும் உன்னையே கணக்குப் படிப்பிக்க விட்டிருக்கிறார்கள் என்றும் எழுதியிருந்தாய், சந்தோசம். மழையில் நனைந்தால் தலையைத் துவட்டு, உனக்குச் சளி பிடித்தால் லேசில் விடாது. இங்கே இந்த முறை மழை பிந்திப் பெய்து, கந்தளாயில் மாமாவின் வயல் பாதி சரிந்து போயிற்று, அந்தக் கவலை ஒன்று. குசினிக் கூரை ஒழுகுகிறது, அதற்கு ஆள் சொல்லியிருக்கிறது. இதெல்லாம் இருக்கட்டும், நீ கேட்காத சங்கதி ஒன்றைத்தான் இந்தக் கடிதத்தில் எழுதப்போகிறேன். கதிரையில் சாய்ந்து இருந்து ஆறுதலாக வாசி, பாதியில் மடித்து வைக்காதே.

அப்பா கொழும்புக்குப் போய் வந்துவிட்டார். ஓம், நான் இரண்டு வரியில் சொன்னதற்கே போகவேண்டாம் என்று நீ எழுதின அந்த மாநாட்டுக்குத்தான். அப்பா சேர்க்கஸ்காரன் மாதிரி மேடையில் ஏறி நாலு பேர் சிரிக்க நிற்கக்கூடாது, இந்த வயதில் இது எங்களுக்கு மரியாதை இல்லை என்று எழுதியிருந்தாயே. சாம்பியாவில் இருந்துகொண்டு கொழும்பை நினைத்து வெட்கப்பட உன்னால்தான் முடியும். உன் கடிதங்களை நான் உரத்து வாசிக்க அப்பா கேட்டுக்கொண்டு இருப்பது உனக்குத் தெரியும். அன்றைக்கும் அப்படித்தான் வாசித்தேன், அந்த இடம் வந்தபோது நிறுத்த நினைத்தும் வாய் முந்திவிட்டது. அவர் எழும்பிப் போய்க் கிணற்றடியில் கால் கழுவினார், கழுவின காலையே திரும்பவும் கழுவினார். பிறகு சில நாள் மிதப்புகளைத் தொடவே இல்லை.

மிதப்பு என்றால் உனக்கு விளங்காது, நீ பார்த்தது சின்ன வயதில் மூன்று தேசிக்காயை மாறி மாறி எறிந்து பிடிக்கிற அப்பாவைத்தான். நீ போன பிறகு இந்தப் பைத்தியம் நன்றாக முற்றிவிட்டது. மூதூருக்குச் சனம் ஏற்றுகிற அதே மோட்டர்ப் படகை, அந்த லோஞ்சைத்தான் இன்னும் ஓட்டுகிறார். ஜெற்றியில், அந்த இறங்குதுறையில், சனம் ஏறி நிறையும் வரைக்கும் சும்மா இருக்க அவருக்கு ஏலாது, லோஞ்சின் முன் தட்டில் நின்றுகொண்டு எறிவார். முதலில் என் தேசிக்காய், பிறகு என் கத்தரிக்காய், ஒருநாள் விளக்குச் சிமினியும் போயிற்று, அன்றைக்கு நான் போட்ட சத்தம் ஓர்ஸ் ஹில் வரைக்கும் கேட்டிருக்கும். அதைக் கேள்விப்பட்டுக் கிண்ணியாவில் வலை வியாபாரம் செய்கிற முத்தலிப் நானா, வலையில் கட்டுகிற மர மிதப்பில் உருண்டையாகப் பார்த்து ஒரு கை நிறையக் கொண்டு வந்து கொடுத்தார், இனி அம்மாவின் குசினிப் பக்கம் போகாதையுங்கோ என்று சொல்லி. அதிலிருந்து மூன்று நாலாகி, நாலு ஐந்தாகிவிட்டது. கடல் அலம்புகிற நேரத்திலும் லோஞ்ச் ஆட ஆட இவரும் கூட ஆடிக்கொண்டு ஐந்தையும் காற்றில் வைத்திருப்பார். ஒன்று தவறிப் பலகையில் விழுந்தால் ஏறி இருக்கிற சனத்தில் யாராவது எடுத்து எறிவார்கள், இவர் நிறுத்தாமலே அதையும் சேர்த்துக்கொள்வார். மூதூர்ச் சனத்துக்கு அது பழகிப்போன விளையாட்டு.

அப்படி எறிந்துகொண்டு நிற்கும்போதுதான் பிரிட்டா என்ற டென்மார்க் பெண் லோஞ்சில் ஏறினாள். உப்புவெளியில் தங்கியிருந்தவள், தன் ஊரில் பல் வைத்தியராம். அவளும் தன் பையிலிருந்து பந்துகளை எடுத்து எறியத் தொடங்கினாளாம், மூதூருக்குப் போகவேண்டிய சனம் போகிற எண்ணத்தையே விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு இருந்ததாம். இப்படி எறிந்து பிடிக்கிறவர்கள் பல தேசங்களிலும் இருக்கிறார்களாம், வருடத்துக்கு ஒருமுறை ஓரிடத்தில் கூடுவார்களாம், இந்த வருடம் கொழும்பில், நீங்கள் கட்டாயம் வரவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள், பிறகு அழைப்பும் அனுப்பினாள். அந்த அழைப்பை அப்பா சாமிப்படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். உன் கடிதத்துக்குப் பிறகு அதை எடுத்து அலுமாரிக்குள் வைத்தார். அதைப் பார்க்கத்தான் எனக்குப் பொறுக்கவில்லை. நான்தான் உன் மச்சான் குலசிங்கத்திடம் சொல்லி, கொழும்புக்குப் போக அவன் ஓட்டுகிற வானைக் கேட்டேன், நான்தான் அவருடைய வெள்ளைச் சேர்ட்டைத் தோய்த்து மினுக்கினேன். ஆகவே கோபிக்கிறதென்றால் என்னைக் கோபி.

குலசிங்கம் எப்படி வான் ஓட்டுவான் என்று உனக்குத் தெரியும், ஹபறணை தாண்டும் வரை நான் கண்ணைத் திறக்கவில்லை. கொழும்பில் மண்டபத்துக்குள் போனால், தம்பி, அப்படி ஒரு காட்சியை நான் என் சீவியத்தில் கண்டதில்லை. பார்க்கிற இடமெல்லாம் பொருட்கள் பறந்துகொண்டு இருக்கின்றன. பந்து, வளையம், போத்தல் மாதிரிக் கட்டை, ஒருவன் தொப்பியை, ஒருத்தி தன் சப்பாத்தையே எறிந்து பிடிக்கிறாள். ஒருவருக்கும் இது தொழில் இல்லையாம். ஒருவர் தபால் கந்தோரில் வேலை, ஒருவர் பேக்கரியில் பாண் போடுகிறவர், தாடி வைத்த ஒருவர் கோயில் குருக்கள் மாதிரி ஏதோ. எல்லாரும் ஆசைக்குச் செய்கிறவர்கள். அப்பா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டார், மற்ற எவரும் கழற்றவில்லை, நானும் சொல்லவில்லை. இவ்வளவு பேருக்கு இந்தப் பைத்தியம் இருக்கிறதா என்று என் காதுக்குள் கேட்டார். அந்த முகத்தை நீ பார்த்திருக்கவேண்டும். கலியாணத்தன்றுகூட எனக்கு அந்த முகத்தைக் காட்டவில்லை.

பின்னேரம் மேடையில் ஒவ்வொருவராகச் செய்து காட்டினார்கள். அப்பாவின் பெயரைக் கனகசுந்தரம் என்று அவர்கள் சொல்லி முடிப்பதற்குள் இவர் மேடையில் ஏறி நின்றுவிட்டார். மூன்றை எறிந்தார், வடிவாகப் போயிற்று. நாலாவதைச் சேர்த்ததும் எனக்கு ஏதோ பிழைக்கிறது என்று தெரிந்தது. அவருடைய உடம்பு லோஞ்சில் நிற்கிறது போலவே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சரிகிறது, ஆனால் கீழே தரை அசையவில்லை. சரிந்த உடம்புக்கும் எறிந்த கைக்கும் ஒத்துவரவில்லை. ஒரு மிதப்பு விழுந்தது, அதை எட்டப்போய் இன்னொன்றும் விழுந்தது. விழுந்ததும் மண்டபம் முழுக்கக் கைதட்டல். எங்கள் ஊரில் மேடையில் ஒருவன் தடுக்கினால் பின்னால் இருக்கிற பெடியள் எப்படிக் கைதட்டிக் கூ அடிப்பார்கள், இறங்கிப் போ என்கிறதைத்தானே அப்படிச் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்பா குனிந்து ஒவ்வொரு மிதப்பாகப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் ஓடிப்போய்ப் பார்த்தால், திரைக்குப் பின்னால் நின்று மிதப்புகளைப் பன்பைக்குள் போட்டுக்கொண்டு இருக்கிறார். என்னைப் பார்த்துச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை. "சேகரம் எழுதினது சரியப்பா. வாரும், போவம்."

மகன், அந்த நேரம் உன்மேல் எனக்கு வந்த கோபத்தை எழுதினால் கடதாசி தாங்காது, விடு.

பையைத் தூக்கிக்கொண்டு திரும்பும்போது மேடையில் அடுத்த ஆள் நின்றார். அவர்தான் வந்தவர்களுக்குள் கெட்டிக்காரர் என்று பிரிட்டா சொல்லியிருந்தாள். கட்டைகள் அவர் கையில் மின்விசிறி போல் சுற்றின. திடீரென்று ஒன்று வழுக்கி விழுந்தது. மண்டபம் முழுக்கக் கைதட்டல், அப்பாவுக்குத் தட்டினதைவிடப் பலமாக. அந்த மனுசன் சிரித்துக்கொண்டு ஒருதரம் குனிந்து வணங்கி, கட்டையை எடுத்துத் திரும்பத் தொடங்கினார். நான் அப்பாவின் சேர்ட்டைப் பிடித்து இழுத்து நிறுத்திவிட்டேன். அதற்குப் பிறகு வந்தவளும் விழுத்தினாள், அவளுக்கும் தட்டினார்கள். அவர்கள் பகிடி பண்ணவில்லை, பரவாயில்லை எடுத்துச் செய் என்றுதான் தட்டுகிறார்கள் என்று அப்போதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் விளங்கியது. இப்படியும் ஒரு வழக்கம் உலகத்தில் இருக்கிறது பார். நீ படிப்பிக்கிற பிள்ளைகள் கணக்கைப் பிழைவிட்டால் நீயும் ஒருநாள் தட்டிப் பார்.

திரும்பப் போங்கோ என்றேன். ஏலாது, தரை அசையுதில்லை, கால் லோஞ்சைத் தேடுது என்றார். அவர் சொன்னது உண்மைதான், வருடக்கணக்காக ஆடுகிற பலகையில் நின்று பழகின கால் அது. எனக்கு எங்கிருந்து அந்த யோசனை வந்ததோ, குலசிங்கத்தைக் கூப்பிட்டு வானில் கிடக்கிற சக்கர ரியூப்பைக் காற்றடித்துக் கொண்டுவரச் சொன்னேன். மாமிக்குப் பயணக் களைப்பில் தலை கலங்கிவிட்டது என்றுதான் அவன் நினைத்திருப்பான், என்றாலும் கொண்டு வந்தான். மேடைக்குப் பின்னால் அகலப் பலகை ஒன்று கிடந்தது. ரியூப்பின் மேல் பலகையை வைத்து அப்பா ஒரு காலை வைத்துப் பார்த்தார். அது அமுங்கி, சரிந்து, எழும்பியது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிரிட்டா போய் ஏதோ கதைத்து இன்னொரு முறைக்கு இடம் வாங்கி வந்தாள்.

பலகையில் ஏறினபோது மனுசன் விழுந்து கால் கையை முறிக்கப் போகிறார் என்று நான் தாலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவரோ நிமிர்ந்து நின்று கொஞ்ச நேரம் சும்மா ஆடினார், அவ்வளவுதான், ஜெற்றிக்கு வந்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மூன்று, நாலு, பிறகு ஐந்து. பலகை இடப்பக்கம் சரியச் சரிய மிதப்புகளும் அந்தப் பக்கம் சாய்ந்து போகின்றன, பலகை திரும்ப அவையும் திரும்புகின்றன, நடுவில் அவர் அவசரமே இல்லாமல் நிற்கிறார். அவரோடு இத்தனை வருடம் குடித்தனம் நடத்தி, எத்தனையோ தரம் சோற்றுப் பார்சலோடு ஜெற்றியில் காத்து நின்றிருக்கிறேன், இவர் இவ்வளவு அழகாகச் செய்கிறவர் என்று அன்றைக்குத்தான் கண்டேன். எனக்கு அழுகை வந்தது, நான் மறைக்கவில்லை. நடுவில் ஒன்று விழுந்து உருண்டது. மண்டபம் தட்டியது. குலசிங்கம் ஓடிப்போய் எடுத்து மேலே எறிய, அப்பா மற்ற நாலையும் நிறுத்தாமலே அதைச் சேர்த்துக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தச் சனம் கதிரையில் இருக்கவில்லை, எழும்பி நின்றுதான் தட்டியது.

முடிந்ததும் எல்லாரும் வந்து சுற்றிக்கொண்டார்கள். பலகையில் ஏறிப் பார்க்க ஒரு வரிசை, ஏறினவர்கள் எல்லாரும் விழுந்து சிரிக்கிறார்கள். தாடிக்காரர் அப்பாவின் கையைப் பிடித்து விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிரிட்டா மைக்கைக் கொண்டுவந்து நீட்டி, வந்திருக்கிற எல்லாருக்கும் ஏதாவது சொல்லுங்கள், உங்களைப் பற்றி, இந்த வித்தையைப் பற்றி, என்றாள். குலசிங்கம் இங்கிலீசில் மாற்றிச் சொல்வதற்குப் பக்கத்தில் நின்றான். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "என்ர மகன் சாம்பியாவில பள்ளிக்கூடத்தில கணக்குப் படிப்பிக்கிறார்."

அவ்வளவுதான். இன்னும் ஏதோ வரும் என்று அவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இவர் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தவர் மாதிரி மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். குலசிங்கம் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு அதை அப்படியே இங்கிலீசில் சொன்னான். அவர்கள் உனக்கும் எழும்பி நின்று தட்டினார்கள், தம்பி.

நான் உன்னை ஏசுவதற்காக இதை எழுதவில்லை. நீ எங்கள் மரியாதையை நினைத்துத்தான் எழுதினாய் என்று அப்பாவும் சொன்னார், நானும் நம்புகிறேன். வந்த பிறகு அவர் பழையபடி லோஞ்சுக்குப் போகிறார், கொழும்பைப் பற்றி யாராவது கேட்டால் அங்கே வெய்யில் கூடுதல் என்று மட்டும் சொல்கிறார். கதை முழுவதையும் பரப்பினது குலசிங்கம்தான்.

நேரத்துக்குச் சாப்பிடு, சனிக்கிழமைகளில் எண்ணெய் வைத்து முழுகு, நித்திரை முழித்துக் கொப்பி திருத்தாதே. கோணேசரும் அம்பாளும் உன்னை நீடூழி நோயின்றி வைத்திருக்கட்டும், எடுத்த காரியமெல்லாம் கைகூடட்டும் என்று நாங்கள் இருவரும் வாழ்த்துகிறோம். ஒன்றை மட்டும் மறவாதே. இத்தனை வருடத்தில் நீ அனுப்பின எல்லாக் கடிதமும் என் பெயருக்குத்தான் வந்திருக்கிறது. தபால்காரன் தரும்போது அப்பாதான் வாங்குவார், உறையில் இருக்கிற பெயரைப் பார்ப்பார், உமக்குத்தான் என்று சொல்லி என்னிடம் நீட்டுவார். அடுத்ததை அவருடைய பெயருக்கு எழுது. எனக்கு ஒரு வரியும் வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா,
க. பூரணி