வீட்டில் செய்த இன்ஜின்

ஜனவரி 14, 1978, சனி

மாடல் ரயில் பத்திரிகையிலிருந்து கிளிஃபர்டு வந்து எங்கள் கிளப்பின் பொம்மை ரயில் நிலையமான மில்கேட்டைப் படம் எடுத்துக்கொண்டு போனார். கிளப் மாடியில் இருபதடி நீளத்துக்குக் கிடக்கும் இந்தக் குட்டி ஸ்டேஷனில் எப்போதும் 1937 ஜூன் மாதம்தான். அதற்குப் பிறகு வந்த ஒரு விளம்பரத் தட்டிகூட சுவரில் இருக்கக் கூடாது என்று கிளப்காரர்கள் அடித்துக்கொள்வார்கள்.

ஒவ்வொரு படத்துக்கும் லென்ஸ் இருபது விநாடி திறந்திருக்க வேண்டும். யாராவது நடந்தால் மரத்தரை ஆடிப் படம் கெட்டுவிடும். வளர்ந்த ஆம்பிளைகள் பதினோரு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தலைவர் கிரிம்ஷா தும்மலை அடக்கி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஓட்டியது என் வீட்டுக்காரர் எட்கர். இன்ஜின் என்னுடையது. நிலக்கரி வண்டி இழுக்கும் கறுப்பு இன்ஜின். மூன்று குளிர்காலம், சமையலறை மேஜையில், பித்தளைத் தகடு வெட்டி, ஒவ்வொரு ஆணித்தலையாகப் புடைத்து, பற்றவைத்துச் செய்தேன்.

கிளிஃபர்டு குனிந்து பார்த்துவிட்டு, "அடேங்கப்பா! யார் செஞ்சது?" என்றார்.

எட்கர் சொன்னார்: "எல்லாம் வீட்டுல செஞ்சதுதாங்க."

நான் நாலடி தள்ளி மூலையில்தான் நின்றேன். வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது எனக்கு? ஏன் பேசவில்லை?

ஜனவரி 15

வீட்டுல செஞ்சதாம். அது என்ன, கேக்கா?

மார்ச் 3, வெள்ளி

பத்திரிகை வந்தது. முழுப் பக்கப் படம். கீழே: 'எட்கர் ஹாவர்த்தின் கைவண்ணம்.'

எட்கர் முட்டையைத் தின்றுகொண்டே இரண்டு தடவை படித்தார். என் பேர் எங்கே என்று கேட்டேன்.

"அவன் தப்பாப் போட்டா நான் என்ன பண்றது, ஐவி?"

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"நான் பொய் சொன்னேனா? வீட்டுலதானே செஞ்சோம்?"

செஞ்சோமாம்! இந்த மனுஷன் ஒரு தடவையாவது பற்றவைக்கும் கோலைக் கையில் தொட்டிருப்பாரா? நடுவில் வந்து, மேஜையை எப்போது காலி செய்வாய், சாப்பாடு எப்போது என்று கேட்டதுதான் அவர் பங்கு.

அப்புறம்தான் படத்தைச் சரியாகப் பார்த்தேன். இன்ஜின் முகப்பில் இரண்டு விளக்கு, இந்த ஓரம் ஒன்று, அந்த ஓரம் ஒன்று. அது எக்ஸ்பிரஸ் வண்டிக்கு வைப்பது. பின்னால் வருவதோ முப்பது கரிவண்டி! அன்று காலையில் நான் ஒற்றை விளக்குதான் மாட்டி அனுப்பினேன். மிளகு அளவு விளக்கு, விரலால் எடுத்து மாற்றிவிடலாம். படத்தில் அழகாக இருக்கட்டும் என்று இவர் இன்னொன்றை மாட்டியிருக்கிறார்.

சொல்லவில்லை. அவர் பேர்தானே அச்சில் இருக்கிறது, அவரே படட்டும்.

(இப்படி நினைத்தது எனக்கே பிடிக்கவில்லை. இருந்தாலும் சொல்லவில்லை.)

ஏப்ரல் 4

இந்த மாதப் பத்திரிகையில் வாசகர் கடிதம் ஏழு. ஏழும் விளக்கைப் பற்றி. 'கரிக்கு அப்படி என்ன அவசரம், மிஸ்டர் ஹாவர்த்?' என்று ஒருவர். எட்கர் பத்திரிகையை மடித்துத் தன் மெத்தைக்கு அடியில் வைத்துவிட்டார்.

ஏப்ரல் 6, வியாழன்

ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. காலத்துக்கோ முறைக்கோ பொருந்தாத எதையாவது யாராவது கண்டுபிடித்தால், அந்த இன்ஜினை மேஜைமேல் வைப்பார்கள். பொறுப்பானவர் எல்லார் முன்னாலும் எழுந்து பதில் சொல்ல வேண்டும். இன்று என் இன்ஜின் மேஜைமேல். நான் கடைசி வரிசையில்.

"என்னய்யா எட்கர், கரி லண்டனுக்கு எக்ஸ்பிரஸ்ல போகுதா?" என்றார் கிரிம்ஷா. எல்லாரும் சிரித்தார்கள்.

எட்கர் எழுந்தார். காது சிவந்திருந்தது. "உண்மையைச் சொல்லிடறேன். இந்த இன்ஜின் நான் செஞ்சதே இல்ல. ஐவி செஞ்சது. அவளுக்கு இந்த விளக்கு விவரமெல்லாம் தெரியாது."

அடப்பாவி! இந்த வார்த்தைக்குத்தானே மூன்று மாதமாகக் காத்திருந்தேன்? அதைப் பழியோடு சேர்த்தா என் தலையில் கட்டுவது?

நான் எழுவதற்குள் கிரிம்ஷா கேட்டார்: "முழுசும் உங்க வீட்டம்மா செஞ்சதா?"

"முழுசும். ஒரு ஆணி விடாம."

"சரி, அதைக் கூட்டக் குறிப்புல ஏத்துங்கப்பா. இன்ஜின்ல ஒரு குத்தமும் இல்ல, நான் கண்ணாடி வச்சுப் பாத்துட்டேன். செஞ்சவங்க வேலை அதோட முடிஞ்சுது. விளக்கு ஓட்டுறவன் பொறுப்பு. அது நிஜ ரயில்லயும் அப்படித்தான், இங்கயும் அப்படித்தான். அன்னிக்கு ஓட்டினது யாரு?"

எல்லாரும் எட்கரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் எழுந்து சொன்னேன்: "நான் ஒரே விளக்குதான் மாட்டிக் குடுத்தேன். எது எந்த வண்டிக்குன்னு இவருக்குச் சொல்லிக்குடுத்ததே நான்தான்."

குரல் உடைந்துவிட்டது. உடையட்டும்.

ஏப்ரல் 7

பேசவில்லை. அவரும்.

ஏப்ரல் 15

என் உறுப்பினர் படிவத்தில் கிரிம்ஷா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பெண்கள் சேரக் கூடாது என்று விதி ஒன்றும் இல்லையாம். இத்தனை வருஷம் யாரும் கேட்கவில்லையாம்!

"நானே போட்டுக் குடுத்திருப்பேனே," என்றார் எட்கர்.

"நான் இங்க வந்துபோற பன்னெண்டு வருஷமாவா யோசிச்சீங்க?" என்றேன்.

மே 20, சனி

கிளிஃபர்டு மறுபடி வந்தார், திருத்தத்தோடு புதுப் படம் போட. இன்று நான் ஓட்டினேன். வளைவில் நிறுத்தி, கையை எடுத்துவிட்டு, இருபது விநாடி மூச்சுவிடாமல் நின்றேன். எட்கர் பக்கத்தில் நின்றார். முதல் படம் வீணானது. அவர் கால் மாற்றி நின்றதில் தரை ஆடிவிட்டது. இரண்டாவது நன்றாக வந்திருக்கும்.

கிளிஃபர்டு நோட்டை எடுத்தார். "பேரு எப்படிப் போடட்டுங்க? மிஸஸ் எட்கர் ஹாவர்த்?"

ஊர் வழக்கம் அதுதான். என் கல்யாணத்துக்கு வந்த பரிசுகளில் ஆரம்பித்து எல்லாவற்றிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது.

"ஐவி ஹாவர்த்," என்றேன். "வெறும் ஐவி ஹாவர்த். அவர் பேரு ஒரு தடவை வந்தாச்சு."

எட்கர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பாவம் என்று ஒரு நொடி தோன்றியது. ஒரு நொடிதான்.