நாலு குண்டுமணி

வேலங்காட்டுப்பாளையம்,
22-10-1936

சௌபாக்கியவதி பொன்னாத்தாளுக்கு அப்புசாமி எழுதுவது. இங்கே நானும் குழந்தை ஆத்தாயியும் சுகம். உன் உடம்பு தேறி வர வேண்டுமென்று திருச்செங்கோட்டு மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

உன்னைச் சேலத்து ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுத் திரும்பும்போது வழியெல்லாம் வந்த தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி ஓட்டிய சடையன்தான் இரண்டு தடவை திரும்பிப் பார்த்து, "ஏனுங்க, அம்மாளுக்குச் சரியாப் போயிருமுங்க" என்றான். பண்ணையத்து ஆட்களில் அவன் ஒருவனுக்குத்தான் விஷயம் தெரியும். மற்றவர்களுக்கு, நீ உன் தம்பி சின்னண்ணன் பெண்டாட்டியின் பிரசவத்துக்கு மேட்டூர் போயிருக்கிறாய். குழந்தையிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். "அம்மா அணைக்கட்டுல தண்ணி பாத்துட்டு எப்பங்கப்பா வரும்?" என்று தினமும் கேட்கிறாள்.

டாக்டர் சரவணமுத்து ஆறு வாரம் என்றார். அவர் சொன்னபடி நட. அபின் வேண்டும் என்று கேட்டு அழாதே. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. தினம் எவ்வளவு தின்கிறாய் என்று அவர் கேட்டபோது நான் ஒரு குண்டுமணி எடை என்று சொன்னேன். நீயும் என் பின்னால் நின்று தலையாட்டினாய். அதையே கடைசிவரை சொல்லு. நிஜமான நாலைச் சொன்னால் அபின்காரி என்று நோட்டில் ஏறிவிடும்; ஒன்று என்றால் வலிக்கு மருந்தாகத் தின்றது என்று போய்விடும். அங்கே மருந்து கலக்குகிறவன் நம் பக்கத்துச் சந்தைக்கு வருகிற ஆள். தவிர, குறைத்துச் சொன்னால் சீக்கிரம் குணமாக்கி அனுப்பிவிடுவார் என்றும் எனக்கு ஒரு எண்ணம்.

என் நிலை உனக்குத் தெரியாததில்லை. கள் ஒழிப்புச் சங்கத்தில் நாற்பத்தேழு பேர் என் முன்னால் எரிகிற சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்திருக்கிறார்கள். எப்போது காலை வாரலாம் என்று கள்ளுக்கடைக்காரன் காத்திருக்கிறான். போன கூட்டத்தில் காரியதரிசி அர்த்தநாரி, "குடிகாரனையாவது திருத்திப்போடலாமுங்க, அபின் திங்கறவனை ஊர்க்கெணத்துல தண்ணி சேந்த உடப்படாது" என்று முழங்கினான். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

உன் நலம் கோரும்,
அப்புசாமி

சரவணமுத்து ஆஸ்பத்திரி,
அம்மாபேட்டை, சேலம்,
26-10-1936

மாமாவுக்குப் பொன்னாத்தாள் கும்பிட்டு எழுதிக்கொள்வது. கை நடுங்குகிறது. எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வந்த மூன்றாம் நாளிலிருந்து கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் நிற்காமல் ஓடுகிறது. கொட்டாவி விட்டு விட்டுத் தாடை கழன்றுபோகும்போல் வலிக்கிறது. உரித்த கோழி மாதிரி மேலெல்லாம் புள்ளி புள்ளியாகச் சிலிர்த்து நிற்கிறது. கால் நரம்பை யாரோ கயிறு திரிப்பதுபோல் முறுக்குகிறார்கள். கஞ்சித் தண்ணீர்கூட உள்ளே தங்குவதில்லை. வாந்திபேதியோ என்று சந்தேகப்பட்டு என்னைத் தனிக்கொட்டகையில் போட்டிருக்கிறார்கள். சின்னாயி என்ற ஆயா மட்டும் துணை. முகம் சுளிக்காமல் எல்லாம் அள்ளிக்கொட்டுகிறாள். அவள் நன்றாக இருக்க வேண்டும்.

நேற்று டாக்டர் கட்டில் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். "ஏம்மா, ஒரு குண்டுமணி தின்னவங்க இத்தனை பாடு படமாட்டாங்க. நெசமாவே ஒண்ணுதானா?" என்றார். நாலு என்பது என் தொண்டை வரை வந்தது. "அவங்க சொன்னதுதானுங்க" என்றேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அபின்ல செஞ்ச மருந்தைத்தான் உனக்கு நாளுக்கு நாள் கொறைச்சுக் குடுக்கறேன். கூட்டிக் குடுத்தா இந்த வேதனை அடங்கும். ஆனா நெசமான அளவு தெரியாம கூட்டினா தூக்கத்துலயே மூச்சு நின்னுடும். இப்படியே விட்டாலும் உன் நாடி தாங்காது. நான் என்னதான் செய்யட்டும், சொல்லு" என்றார்.

மாமா, கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அந்நிய ஆம்பிளை முன்னால் உங்கள் பேச்சை நான் மறுத்தது கிடையாது. இப்போது எந்த வாயால் மறுப்பேன்? நீங்களே டாக்டருக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள். நாலு என்று எழுதினால் போதும், வேறொன்றும் வேண்டாம். முதன்முதலில் யார் கொடுத்தது என்றும் கேட்டார். சந்தையில் யாரோ கொடுத்தார்கள் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

ஆத்தாயிக்கு யார் தலை பின்னிவிடுகிறார்கள்? தாமதிக்காமல் எழுதுங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

இப்படிக்கு,
பொன்னாத்தாள்

வேலங்காட்டுப்பாளையம்,
29-10-1936

பொன்னுவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. டாக்டருக்கு எழுத மூன்று தடவை உட்கார்ந்தேன். மூன்று தடவையும் கிழித்துப் போட்டேன். நான் கையெழுத்துப் போட்ட காகிதம் எங்கே போய் யார் கையில் சிக்குமோ என்று நினைத்தாலே பேனா ஓடமாட்டேன் என்கிறது.

சடையனிடம் ஓலைக்கொட்டானில் கருப்பட்டி கொடுத்தனுப்பியிருக்கிறேன். கள் இறக்குவதை நிறுத்திப் பதநீர் இறக்க வைத்தோமே, அந்த மரங்களின் கருப்பட்டிதான். அடியில் இருக்கிற பெரிய வட்டை நீ மட்டும் உடை. குடைந்து உள்ளே வைத்திருக்கிறேன். டாக்டர் மருந்தோடு இதையும் தினம் கொஞ்சம் கிள்ளிப் போட்டுக்கொள். விட்டுப்போன மூன்றை இது சரிக்கட்டிவிடும். வலி அடங்க அடங்க நீயே குறைத்துக்கொண்டு வா. அவருக்குத் தெரிய வேண்டாம்.

இது தப்பு என்று எனக்கே தெரிகிறது. நீ துடிக்கிறாய் என்று படித்தபிறகு எனக்கு வேறு வழி தோன்றவில்லை, சாமி. இதைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

அப்புசாமி

சரவணமுத்து ஆஸ்பத்திரி,
3-11-1936

மாமாவுக்கு,

கருப்பட்டி வந்தது. சடையன் கொட்டகை வாசலில் நின்று என்னைப் பார்த்துவிட்டு, "என்னுங்கம்மா இப்படி ஆயிட்டீங்க" என்று துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதான்.

அந்த வட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்கச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். பொய் சொல்ல மாட்டேன், உடைத்தேன். அபின் வாசனை மூக்கில் ஏறியதும் வலி எல்லாம் நின்று வேடிக்கை பார்த்தது. கிள்ளினேன். வாய்க்குக் கொண்டுபோகும்போது கையைப் பார்த்தேன். ஏழு வருஷமாகக் கிள்ளிப் பழகின விரல். தராசு வேண்டாம், படி வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு கிள்ளினாலும் அதே அளவுதான் வரும். அந்த நேரத்தில்தான் எனக்குப் புத்தி வந்தது.

சின்னாயி தோளைப் பிடித்துக்கொண்டு மருந்து அறைக்கு நடந்தேன். மேஜைமேல் மருந்து நிறுக்கும் தராசு இருந்தது. கிள்ளினதைத் தட்டில் வைத்துவிட்டு இரண்டு விரலைக் காட்டினேன், இரண்டு வேளை என்று. டாக்டர் என்னைப் பார்த்தார். எடைக்கல்லை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். "வேளைக்கு ரெண்டு குண்டுமணி. அப்ப, நாளுக்கு நாலு" என்றார்.

நான் உங்கள் வார்த்தையை மறுக்கவில்லை, தராசுதான் மறுத்தது என்று மனசைத் தேற்றிக்கொண்டு நின்றேன். அதற்குள் அவர், "இதைக் கொண்டாந்து குடுத்தது யாரு?" என்றார். "எங்க ஊட்டுக்காரருங்க" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். சொன்னதும் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

அவர் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இன்னைக்குச் சாயங்காலம் ஆனது ஆகட்டும்னு மருந்தைக் கூட்டிக் குடுக்கறதா இருந்தேன். அதோட இதையும் நீ தின்னிருந்தா காலையில எழுந்திருக்க மாட்டே. பாசத்துல பண்ணியிருக்காரு. கொன்னிருப்பாரு."

இப்போது நாலுக்குத் தகுந்தபடி மருந்து கொடுத்து, அங்கிருந்து மெள்ளக் குறைக்கிறார். நேற்று நான்கு மணி நேரம் தூங்கினேன். உங்கள் கடிதத்தை எரிக்கவில்லை. எரிக்க மனசு வரவில்லை.

பொன்னாத்தாள்

சரவணமுத்து ஆஸ்பத்திரி,
30-11-1936

மாமாவுக்குப் பொன்னாத்தாள் எழுதுவது.

முன் கடிதத்துக்கு நீங்கள் பதில் போடவில்லை. சடையன் அரிசி கொண்டுவருகிறான், நெய் கொண்டுவருகிறான். காகிதம் எங்கே என்றால் தலையைச் சொறிகிறான். கோபமோ வெட்கமோ, எதுவானாலும் நாலு வரி எழுதியிருக்கலாம்.

வெள்ளிக்கிழமையோடு மருந்து அடியோடு நின்றது. உடம்பு தேறும்வரை இன்னும் மூன்று வாரம் இருக்கச் சொல்கிறார் டாக்டர். பழைய இடுப்புவலி இருக்கத்தான் இருக்கிறது. அது மெய்யான வலிதான் என்று சொல்லி டாக்டர் தைலம் தேய்த்துப் பட்டை கட்டச் சொல்லியிருக்கிறார். பசிக்கிறது. சின்னாயி தன் வீட்டிலிருந்து ராகிக்களி கொண்டுவந்தாள். கீரைக் கடைசலோடு இரண்டு உருண்டை தின்றேன். எனக்குக் கோபமும் வருகிறது மாமா. அபின் தின்ற வரைக்கும் அதுவும் என்னோடு சேர்ந்து தூங்கிக்கொண்டிருந்தது.

ஆத்தாயிக்கு அடுத்துச் செத்துப் பிறந்த நம் குழந்தையை நினைத்து இத்தனை வருஷத்தில் முந்தாநாள்தான் அழுதேன். அன்றைக்கு நான் வலியில் கத்தியபோது உங்களால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. அதனால்தான் அபினைக் கொடுத்தீர்கள். அதை நான் என்றைக்கும் குற்றமாகச் சொல்லவில்லை. பிற்பாடு ஏழு வருஷம் ஒளித்து ஒளித்து வாங்கி வந்து கொடுத்தீர்களே, வெளியே சங்கம் நடத்திக்கொண்டே, அதைத்தான் நினைத்து நினைத்து மனசு வேகிறது.

ஊரில் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று டாக்டர் கேட்டார். மேட்டூர் என்றேன். "மறைச்சு வெச்ச வீட்டுக்குத் திரும்பிப் போனா, மறுபடியும் மறைச்சுத் தின்னத்தான் கை போகும். நல்லா யோசிச்சுக்க" என்றார். ராத்திரி பகலாக யோசித்துவிட்டேன்.

மேட்டூரிலிருந்து வந்தவளாக நான் நம் வாசலில் இறங்க மாட்டேன். நீங்கள் சொன்னதை மாற்றிச் சொல்ல முடியாது என்றால், அதை நானே மெய்யாக்கிவிடுகிறேன். வருகிற இருபதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, தம்பி சின்னண்ணன் வந்து மேட்டூருக்குக் கூட்டிப்போவதாக எழுதியிருக்கிறான். ஆத்தாயியை மட்டும் என்னிடம் அனுப்பிவையுங்கள். உங்களைப் பற்றி யாரிடமும் ஒரு குறை சொல்ல மாட்டேன். சங்கம் நன்றாக நடக்கட்டும்.

பொன்னாத்தாள்

வேலங்காட்டுப்பாளையம்,
16-12-1936

பொன்னுவுக்கு அப்புசாமி எழுதுவது.

உன் கடிதம் இரண்டு வாரமாகச் சட்டைப் பையில் இருந்தது. பதில் எழுத எனக்கு யோக்கியதை இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். யோக்கியதை என்ன, தைரியம்தான் இல்லை.

நேற்றுச் சங்கக் கூட்டம். புதிதாக ஒன்பது பேர் சத்தியம் செய்ய வந்திருந்தார்கள். அர்த்தநாரி சூடத்தை ஏற்றித் தட்டை என்னிடம் நீட்டினான். நான் எழுந்து நின்றேன். "எல்லாரும் கேளுங்க. எம் பொண்டாட்டி மேட்டூருக்குப் போகலீங்க. சேலத்துல ஆஸ்பத்திரியில இருக்கறா. அபின் தெனம் நாலு குண்டுமணி தின்னுட்டு இருந்தா, இப்ப உட்டுட்டா. மொதல் உருண்டையத் தேன்ல கொழைச்சு ஊட்டிஉட்டது நானுங்க. ஏழு வருசமா வாங்கிக் குடுத்ததும் நானுங்க" என்று சொல்லிவிட்டுச் சூடத்தை உள்ளங்கையால் அணைத்தேன். கொப்புளம் போட்டிருக்கிறது. ஆகையால்தான் எழுத்து இப்படி இருக்கிறது.

பின்னால் நின்ற கள்ளுக்கடைக்காரனின் ஆட்கள் கொல்லென்று சிரித்தார்கள். அர்த்தநாரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டான். சங்கத்து நோட்டை நான் பலகைமேல் வைத்தேன். எடுத்துக்கொள் என்றும் யாரும் சொல்லவில்லை, வை என்றும் சொல்லவில்லை. அப்படியே வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து ஆத்தாயியிடமும் சொன்னேன். "அப்பொ அம்மா தண்ணி பாக்கலீங்களா?" என்றாள். இல்லை, உடம்பு சரியில்லாமல் ஆஸ்பத்திரியில் இருந்தது என்றேன். "இப்பச் சரியாப் போச்சுங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். அவளுக்கு அவ்வளவுதான் வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டில் சொல்ல ஓடிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பகல் வெளிச்சத்தில் வண்டி கட்டிக்கொண்டு வருகிறேன். ஆத்தாயியும் வருகிறாள். அவளைக் கூட்டிக்கொண்டு நீ சின்னண்ணனோடு போவதானாலும் தடுத்துச் சொல்ல எனக்கு வாயில்லை. நம் வீட்டுக்கு வருவதானால் சந்தைப்பேட்டை வழியாகவே வருவோம். எங்கே போயிருந்தாய் என்று எவர் கேட்டாலும் நான் பதில் சொல்கிறேன்.

வண்டியில் இன்னொருத்தியும் வருகிறாள். இன்று காலையில் அர்த்தநாரி நம் வாசலில் வந்து நின்றான். அவன் பின்னால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவன் சம்சாரம் செல்லியம்மாள். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "அந்த டாக்டரு எங்க ஊட்டுக்காரியையும் சேத்துக்குவாருங்களாண்ணா?" என்று கேட்டான். நான் அவனை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். பிறகு, தினம் எவ்வளவு என்று கேட்டேன்.

ஒரு குண்டுமணி என்றான். செல்லியம்மாள் அவன் பின்னால் நின்று தலையாட்டினாள்.

நீ எங்கே புறப்படுவதானாலும், புறப்படுமுன் அவளைத் தனியாகக் கூட்டிப்போய்க் கேள். உன்னிடம் சொல்வாள்.

அப்புசாமி