உன் குரலுக்கு மேல் நான் படித்த பாடம்

இன்று காலை ஆவடி மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டு திரும்பும்போது ஒரு தையல் கடையைத் தாண்டினேன். கோடித் துணியின் கஞ்சி வாசமும் மிஷின் எண்ணெய் வாசமும் சேர்ந்து வந்தன. கால் தானாக நின்றுவிட்டது. தையல் மிஷின் ஓடிய உன் வீட்டு வாசம் அது. கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு நடந்தேன். வழியெல்லாம் உன்மேல் எனக்கிருந்த பழைய எரிச்சலும் கூடவே நடந்து வந்தது. நீ போய் எட்டு மாதம் ஆகிறது. செத்துப்போனவளைப் பார்த்து யாராவது வயிறெரிவார்களா? நான் எரிகிறேன். அதை உன்னிடமே சொல்லிவிடலாம் என்றுதான் எழுதுகிறேன்.

செல்வியை வைத்துத்தான் எல்லாம் தொடங்கியது. பிறவியிலேயே பார்வை இல்லாத பெண். உன் தெருவில், மூன்றாவது வீடு. தினமும் பட்டாபிராமில் ரயிலேறி, சென்ட்ரலில் இறங்கி, கல்லூரிக்குப் போய் சரித்திரம் படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பாடப் புத்தகங்கள் எதுவும் தடவிப் படிக்கிற எழுத்தில் கிடைக்கவில்லை. அவள் அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. கேசட்டில் படித்துக் கொடுத்தால் அவள் எத்தனை தடவை வேண்டுமானாலும் போட்டுக் கேட்டுக்கொள்வாள் என்பது உன் யோசனை. பாதிப் பாடத்தை என்னிடம் கொடுத்தாய். பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டி என்றால் முதல் பரிசு எனக்குத்தான் என்று நான் உன்னிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன்.

என்னிடம் கொழுந்தனார் துபாயிலிருந்து கொண்டுவந்த இரட்டை ஸ்பீக்கர் செட் இருந்தது. புது வீடு, மொசைக் தரை, பெரிய ஹால். உன்னிடம் இருந்தது, துணி தைக்கக் கொடுக்க வந்த ஒருவரிடம் உன் வீட்டுக்காரர் வாங்கிய பழைய டேப்ரெக்கார்டர். கேசட் போடுகிற மூடி உடைந்துபோய், ரப்பர் பேண்டு மாட்டி வைத்திருந்தாய். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பாக இருந்தது.

முதல் இரண்டு கேசட்டையும் உன் வீட்டில் உட்கார்ந்து மூன்று பேரும் கேட்டோம். என்னுடையது கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வால். மின்விசிறிச் சத்தம், மோட்டார் இரைச்சல், பக்கம் புரட்டுகிற சரசரப்பு. அடுத்து உன்னுடையதைப் போட்டாய். காதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒருத்தி பேசுகிற மாதிரி இருந்தது. செல்வி இரண்டும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னாள். ஆனால் உன்னுடையது ஓடும்போது அவள் தலை லேசாகச் சாய்ந்ததை நான் பார்த்தேன். மறுவாரம் அவள் அம்மா என் வீட்டுக்கு வந்து, மொத்தத்தையும் தையல்கார அக்காவே படித்தால் தேவலை என்று பொண்ணு சொல்கிறாள் என்றாள். காப்பி போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

ரகசியம் என்ன என்று பார்க்கத்தான் மறுநாள் உன் வீட்டுக்கு வந்தேன். நீ எதையும் மறைக்கவில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. வெட்டுத்துணி அடைத்த மூட்டைகளைச் சுவரோரம் ஆளுயரத்துக்கு அடுக்கி, அந்த மூலையில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாய். டேப்ரெக்கார்டருக்கு அடியில் நாலாய் மடித்த ஜமுக்காளம். ஒயரில் வந்த சின்ன மைக்குக்கு உன் வீட்டுக்காரரின் பழைய சாக்ஸ். ‘ப’ வருகிற இடத்தில் மூச்சு போய் முட்டாமல் இருக்க அது என்றாய். மைக்குக்கு நேராகப் பேசாமல் கொஞ்சம் தள்ளிப் பேச வேண்டும் என்றாய். பாடத்தை ஜெராக்ஸ் எடுத்து, தாள்களைத் துணி கிளிப்பில் கொடியில் மாட்டி வைத்திருந்தாய். புரட்டுகிற வேலையே இல்லை. பக்கத்து மிலிட்டரி சைடிங் தண்டவாளத்தில் கூட்ஸ் வண்டி நகர்கிற நேரமெல்லாம் உனக்கு மனப்பாடம். வண்டி வருமுன்பே உன் விரல் பட்டன்மேல் இருக்கும்.

பிறகு என் வீட்டுக்கு வந்தாய். ஹால் நடுவில் நின்று ஒருதரம் கையைத் தட்டினாய். சுவர் திருப்பித் தட்டியது.

“உன் கொரல்ல ஒரு கொறையும் இல்லடி. சொவரு காலியா கீது, ஊடுதான் கத்துது,” என்றாய். போகும்போது, டேப் ஓடுகிற தலையை மாதம் ஒருமுறை பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கச் சொன்னாய்.

நான் துடைக்கவில்லை. நீ சொன்ன எதையும் செய்யவில்லை. செய்தால் உன்னிடம் கற்றுக்கொண்ட மாதிரி ஆகிவிடும். பத்து நாள் கழித்து மனசு கேட்காமல், வீட்டுக்காரர் வேலைக்குப் போன பிறகு, கல்யாணத்துக்கு வந்த கம்பளிகளையெல்லாம் எடுத்துக் கயிறு கட்டித் தொங்கவிட்டு உள்ளே உட்கார்ந்து படித்தேன். வியர்த்துக் கொட்டியது. போட்டுக் கேட்டேன். எதிரொலி போய்விட்டது. வால் இல்லை, இரைச்சல் இல்லை. அப்படியும் உன்னுடையது மாதிரி இல்லை. வீட்டைக் குறை சொல்ல முடியாமல் போன பிறகு மிச்சமிருந்தது நான்தான். மேடையில் நின்று ஊருக்குப் பேசுகிற மாதிரி படித்துக்கொண்டிருந்தேன். நீ செல்வி ஒருத்திக்கு மட்டும் படித்தாய். அது புரிந்ததுதான் எனக்கு விஷமாகிவிட்டது. கம்பளியை வாங்கலாம், மைக்கை வாங்கலாம். அதை எங்கே போய் வாங்குவது?

செல்விக்குக் கடைசி வருஷப் பரீட்சை நெருங்கியது. உன் தம்பி கல்யாணத்துக்கு நீ திண்டிவனம் கிளம்பினாய். போகும்போது பிரெஞ்சுப் புரட்சிப் பாடம் இருந்த கேசட்டை என் கையில் கொடுத்து, செல்வியிடம் சேர்த்துவிடச் சொன்னாய். கொடுத்திருக்கலாம். இரண்டு தெரு தள்ளித்தான் அவள் வீடு. மத்தியானம் போட்டுக் கேட்டேன். ராஜாவைக் கொல்ல இழுத்துப் போகிற இடத்தை நீ குரலை உயர்த்தாமல் படித்திருந்தாய். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. உடனே ஆத்திரம் வந்தது. கேசட்டை முதலுக்குச் சுற்றி, புத்தகத்தை எடுத்துவைத்து, பதிவு செய்கிற இரண்டு பட்டன்களையும் சேர்த்து அழுத்தி, உன் குரலுக்கு மேல் அதே பாடத்தை நான் படித்தேன். இரண்டு பக்கமும். சாயங்காலம் செல்வியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நீ திரும்பி வந்தால் சொல்வதற்கு ஒரு பொய் வைத்திருந்தேன். உன் கேசட் சிக்கி நாடா அறுந்துவிட்டது, அவசரத்துக்கு நான் படித்தேன் என்று. நீ கேட்கவேயில்லை. கல்யாணத்தில் கொடுத்த லட்டைக் கொண்டுவந்து தந்தாய். செல்வி தேறினாள், டீச்சர் வேலைக்குப் போனாள், கல்யாணமாகிக் காட்டுப்பாக்கம் போனாள். கேசட் விஷயம் என்னோடு முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். வருஷங்கள் ஓடின. நீ என் வீட்டுக்கு வந்தாய், நான் உன் வீட்டுக்கு வந்தேன், உன் கிறிஸ்துமஸ் கேக்கைச் சாப்பிட்டேன். உங்கள் மாதா கோயிலில் நீ வேதபாடம் வாசிப்பதைக் கேட்க ஒருமுறை வந்து, பாதியில் எழுந்து போனேன். தலைவலி என்று சொன்னேன்.

மஞ்சள் காமாலை உன்னை மூன்றே வாரத்தில் கொண்டுபோனது. அடக்கத்தின்போது எல்லாரும் உன் குரலைச் சொல்லிச் சொல்லி அழுதார்கள். நானும் அழுதேன். அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்கே தெரியவில்லை.

போன மாதம் செல்வி தன் வீட்டுக்காரரோடு என்னைத் தேடி வந்தாள். துக்கம் கேட்க வந்தேன் என்றாள். உனக்கு நான்தான் நெருக்கமானவள் என்று அவளுக்கு நினைப்பு. ஒரு மணி நேரம் உன்னைப் பற்றியே பேசினாள். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். அவளுக்குத் தெரியாதே, நான் தலையாட்டுவது. கடைசியில் அந்தப் புரட்சிப் பாடத்தைப் பற்றி எடுத்தாள். அந்த ஒரு கேசட்டில் மட்டும் என் குரலுக்கு அடியில் உன் குரல் கேட்டதாம். மெலிசாக, சுவருக்கு அந்தப் பக்கம் பேசுகிற மாதிரி. நான் தலையைத் துடைக்காமல் விட்ட செட், உன்னைச் சரியாக அழிக்கவில்லை.

“நீங்க எங்க மூச்சு வுடுவீங்கன்னு காத்துகினு இருப்பேங்க்கா. அந்த எடத்துல அவங்க கொரலு கேக்கும்.”

குற்றமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னாள். அப்போதே உன்னிடம் வந்து விசாரித்தாளாம். நீ படித்ததில் தப்பு இருந்தது, வேறு கேசட் இல்லை, அதனால் அதன்மேலேயே என்னைப் படிக்கச் சொன்னது நீதான் என்று சொன்னாயாம். இத்தனை வருஷமும் செல்வி அதை நம்பியிருந்தாள்.

நீ அப்போதே தெரிந்துகொண்டாய். தெரிந்துகொண்டுதான் அந்த லட்டைத் தந்தாயா, அதற்குப் பிறகுதான் தெரிந்ததா? அதைக்கூட இனி கேட்க முடியாது.

“அவ சொல்லல செல்வி. நானாத்தான் பண்ணேன். பொறாமையில பண்ணேன்,” என்றேன்.

“அவங்க அப்பிடிச் சொல்லலியேக்கா,” என்றாள் செல்வி. என்னைவிட உன்னைத்தான் நம்பினாள், என் குற்றத்தில்கூட.

கிளம்பும்போது ஒன்று கேட்டாள். அவள் பள்ளியில் பார்வையற்ற பிள்ளைகள் ஆறு பேர் இருக்கிறார்களாம். பாடம் படித்துத் தர ஆளில்லையாம். சரி என்றேன். இப்போது வாரத்தில் மூன்று மத்தியானம் படிக்கிறேன். குரலை உயர்த்துவதில்லை. பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறது என்று செல்வி சொல்கிறாள். உன்னை அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியவே தெரியாது. அப்படியும், வரி முடிந்து மூச்சு விடுகிற இடம் வரும்போதெல்லாம் எனக்குப் பதைக்கிறது. அந்த இடத்தில் அவர்கள் உன்னைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது.