க்ளட்ச் பிடிக்கிற கை

மார்ச் 4
மறுபடியும் பைக் என்ஜின் இறுகிப் பிடித்துக்கொண்டது. இது மூன்றாவது தடவை. பந்தயப் பயிற்சியில் நீள நேர்ப்பாதை முடிகிற இடத்தில் டக்கென்று நின்றுவிட்டதாம். அண்ணன் பட்டறை வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்து, "உன் டியூனிங் லட்சணம் இதுதான்" என்றான். எல்லார் முன்னாலும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மார்ச் 5
கழற்றிப் பார்த்தேன். பிளக் நல்ல பிஸ்கட் நிறம். பெட்ரோல் விடுகிற ஜெட்டில் குறையென்றால் வெளுத்திருக்கும். ஆனால் பிஸ்டன் முழுக்கக் கீறல். எண்ணெய் போகவில்லை! இந்தக் கிழட்டு டூ ஸ்ட்ரோக்குக்கு எண்ணெயே பெட்ரோலில் கலந்துதான் போகிறது. முழு வேகத்தில் வந்து ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மூடினால் இரண்டும் நின்றுவிடும். பின்சக்கரம் மட்டும் பிஸ்டனை வறட்டு வறட்டென்று இழுக்கும். க்ளட்சைப் பிடித்துக்கொண்டுதான் மூட வேண்டும். அண்ணன் துரை அதைப் பிடிப்பதில்லை. பழி மட்டும் எனக்கு.

மார்ச் 8
லேத்காரர் சிலிண்டரைக் கடைந்து கொடுத்தார். "இதாம்மா கடைசி. இன்னொரு தடவை கடைஞ்சா ஓட்டை விழுந்துரும்." வேறு சிலிண்டர் எங்கேயும் கிடைக்காது. இது போனால் என்ஜினே போச்சு.

மார்ச் 13
வேகம் கூடட்டும் என்று, புகை போகிற துவாரத்தை அரத்தால் அரை மில்லி உயர்த்தினேன். கூடுதலாக ராவினால் ஒட்டவா முடியும்? இருந்தும் ராவினேன். ஜெட் ஒரு நம்பர் பெரிது. உதைத்ததும் என்ன கத்து கத்துகிறது! தெருவே எட்டிப் பார்த்தது. என் வேலைதான், பாருங்கள்.

மார்ச் 15
அண்ணனிடம் க்ளட்ச் விஷயத்தைச் சொன்னேன். "இருவது வருஷமா ஓட்டுறேன். எனக்கே பாடம் எடுக்கிறியா? ஓட்டுறது நான்தான்." அவ்வளவுதான். நாலு போல்ட்டையும் கழற்றி, என்ஜினைத் தூக்கிக்கொண்டு போய்ச் சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். "ஃப்ரேம் உன்னுது, என்ஜின் என்னுது. காலி ஃப்ரேம்ல உக்காந்து புர்ருனு சத்தம் போட்டுக்க."

மார்ச் 16
இறங்கி வரமாட்டேன்.

மார்ச் 19
மேஜை மேலே என்ஜின், எங்கள் மடியில் தட்டு. அண்ணிக்குப் பொறுக்கவில்லை. "அவளே ஒரு தடவை ஓட்டட்டுமே. தள்ளித் தள்ளி உங்க முட்டிதான் தேயுது." அண்ணன் சாவியை வீசினான். "என்ஜின் பிடிச்சுதுன்னா என் மூஞ்சில முழிக்காதே."
பயமாக இல்லையா? இருக்கிறது. இருந்தால் என்ன?

மார்ச் 23
பந்தயம். நாலாவது சுற்று, நேர்ப்பாதை முடிவு. என்ஜின் சத்தம் கம்மியது, இறுகப் போகிறது என்று தெரிந்தது. க்ளட்சைப் பிடித்தேன். இரண்டு பேர் என்னைத் தாண்டிப் போனார்கள். போகட்டும். மெதுவாக விட்டேன் — பிடித்துக்கொள்ளவில்லை, பாடியது. ஆறாவதாக வந்தேன், ஓட்டிக்கொண்டே வந்தேன்!
கடைசி வளைவில் அண்ணன் நின்றிருந்தான். தள்ளுவதற்குத் தோதாகக் கையுறை மாட்டியிருந்தான்.

மார்ச் 24
காலையில் அண்ணன் பட்டறைக்கு வந்து, ஸ்பேனரை எடுத்துத் துடைத்து, வைத்து, மறுபடியும் எடுத்தான்.
"அடுத்த பந்தயத்துல... நான் ஓட்டட்டுமா?"
"க்ளட்ச் பிடிக்கக் கத்துக்கிட்டு வா, பாக்கலாம்" என்றேன்.
"எப்பக் கத்துத் தருவே?" என்றான்.